சீனாவுக்கு ஆங்கிலம் கற்பிக்கப் போகும் பிள்ளைகளுக்கும் அவர்களைப் பெற்றோருக்கும்

(நம் அறக்கட்டளையின் குடும்பக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கடந்த இரண்டு மாதங்களில் மூன்று குடும்பத்தார் நம் அலுவலகத்துக்கு வந்து ஏறக்குறைய ஒரே விஷயத்தைக் கேட்டார்கள். "பிள்ளைக்குச் சீனாவில் இங்கிலீஷ் டீச்சர் வேலை வருகிறது, அனுப்பலாமா?" அதில் ஒரு குடும்பம் கேட்டது பெண் பிள்ளைக்காக. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே அரைகுறையாகப் பதில் சொல்வதைவிட, தெரிந்ததை எல்லோர் முன்னிலையிலும் ஒருமுறை சொல்லிவிடலாம் என்று நிர்வாகக் குழுவில் கலந்து பேசி முடிவு செய்தோம்.

கல்வியையும் சீனாவையும் சேர்த்துச் சொல்லும் வாசகம் ஒன்று மேடைகளில் அடிக்கடி ஒலிக்கும். அதன் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது என்று ஹதீஸ் கலை அறிஞர்கள் சொல்லியிருக்கிறார்கள். இட்டுக்கட்டப்பட்டது என்று சொன்னவர்களும் உண்டு. ஆகவே அதை நம்பிப் பிள்ளைகளை விமானம் ஏற்ற வேண்டாம். போகிற ஊரின் சட்டம் என்ன, முதல் சம்பளம் எப்போது கைக்கு வரும், சாப்பாட்டுக்கு என்ன வழி என்று விசாரித்து அனுப்புவோம்.

முதலில் எங்கள் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். அது 2019ஆம் ஆண்டு. நம் ஊர்த் தம்பி ஒருவர், ஆங்கிலத்தில் பட்டம் பெற்றவர், சீனாவின் குவாங்தோங் மாகாணத்தில் ஆசிரியர் வேலை என்று ஒரு கடிதத்தோடு வந்தார். சம்பளம், தங்குமிடம், விடுமுறை எல்லாம் அச்சில் அழகாக இருந்தது. நாங்கள் படித்தோம், மகிழ்ந்தோம், 80,000 ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தோம். மீதிப் பணத்துக்கு உம்மா வளையலைக் கழற்றினார். விசா தாளையும் அன்று பார்த்தோம். அதில் 'எம்' என்ற எழுத்து இருந்தது. அது என்ன எழுத்து என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

'எம்' என்பது வியாபாரிகளுக்கான விசா. சரக்குப் பார்த்து, விலை பேசி, திரும்பி வருகிறவர்களுக்கு உரியது. நம் ஊர் வியாபாரிகள் குவாங்சோ கண்காட்சிக்குப் போவது அதில்தான். அதை வைத்துக்கொண்டு வகுப்பெடுக்க முடியாது. தம்பியைப் புறநகரில் ஒரு தனிப்பயிற்சி நிலையத்தில் சேர்த்தார்கள். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். "யாராவது வந்து கேட்டால் விருந்தாளி என்று சொல்" என்றார்கள். ஆறு வாரம் வகுப்பெடுத்தார். ஏழாவது வாரம் அதிகாரிகள் சோதனைக்கு வந்தார்கள். ஐந்து நாள் காவலில் இருந்துவிட்டு, அபராதம் கட்டிவிட்டு ஊர் வந்து சேர்ந்தார். அனுப்பி வைத்த முகவரின் தொலைபேசி அதற்குப் பிறகு எடுக்கப்படவே இல்லை.

ஊரில் அவரை என்ன பெயர் சொல்லி அழைத்தார்கள் என்பது இங்கே இருக்கும் பலருக்குத் தெரியும். அதை நாங்கள் திரும்பச் சொல்லப் போவதில்லை. அந்தப் பிள்ளை செய்த தவறு நம்பியது. நாங்கள் செய்த தவறு, கேட்க வேண்டியதைக் கேட்காமல் அமானிதப் பணத்தைக் கொடுத்தது. இரண்டாவதுதான் பெரிய தவறு.

இப்போது சட்டத்துக்கு வருவோம். சீனாவில் வெளிநாட்டவர் வேலை செய்ய 'இசட்' என்ற எழுத்துள்ள விசா வேண்டும். அது நாமே போய்க் கேட்டு வாங்குவது இல்லை. வேலை கொடுக்கும் பள்ளி முதலில் அங்குள்ள அரசு அலுவலகத்தில் விண்ணப்பித்து, பணி அனுமதிக்கான அறிவிப்புக் கடிதம் வாங்க வேண்டும். அந்தக் கடிதம் கைக்கு வந்த பிறகுதான் இங்கே 'இசட்' விசாவுக்கு மனுக் கொடுக்க முடியும். அங்கே இறங்கியதும் பணி அனுமதி. 30 நாட்களுக்குள் வசிப்பு அனுமதிக்கு விண்ணப்பம். இந்த இரண்டும் இல்லாமல் வேலை செய்தால் 5,000 முதல் 20,000 யுவான் வரை அபராதம். கடுமையான குற்றமென்று கருதினால் 5 முதல் 15 நாள் காவல். 2013 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள சட்டம் இது. ஒரு யுவான் 2025இல் நம் பணத்தில் ஏறத்தாழ 12 ரூபாயாக இருந்தது, கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். "முதலில் டூரிஸ்ட் விசாவில் வா, பிறகு மாற்றித் தருகிறோம்" என்று ஒருவர் சொன்னால், அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆங்கில ஆசிரியர் வேலைக்கு அந்த நாட்டு விதி, ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களையும் அத்தகைய நாட்டில் பட்டம் பெற்றவர்களையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. அதோடு இரண்டு ஆண்டு அனுபவம் கேட்பார்கள். ஆசிரியர் பயிற்சிப் பட்டமோ சான்றிதழோ இருந்தால் அனுபவத்தில் சலுகை உண்டு. நம் பிள்ளைகள் எவ்வளவு நன்றாக ஆங்கிலம் பேசினாலும் இந்திய பாஸ்போர்ட்டுக்கு இந்த வாசல் குறுகலானது. ஒரு நகரத்தில் ஏற்கும் தகுதியை இன்னொரு நகரத்தில் ஏற்காமல் போவதும் உண்டு. கணிதம், அறிவியல் போன்ற பாடங்களை ஆங்கிலத்தில் நடத்துகிறவர்களுக்குச் சர்வதேசப் பள்ளிகளில் வாய்ப்பு இருக்கிறது. அதையும் விசாரிக்கலாம்.

இனி இரண்டாவது தம்பியின் கதை. இவர் இங்கே பி.எட். முடித்து, பிரிட்டனில் ஆங்கிலம் கற்பிக்கும் துறையில் முதுகலை படித்து, ஊர் திரும்பி இரண்டு ஆண்டு பள்ளியில் வேலை பார்த்தவர். 2024இல் குவாங்சோ நகரின் தனியார் பள்ளி ஒன்றில் வேலை கிடைத்தது. இவருடைய தாள்களை வரி வரியாகப் பார்த்துக் கொடுத்தவர் யார் தெரியுமா? முன்பு திரும்பி வந்த அதே தம்பிதான். எந்தத் தாளில் எந்த முத்திரை இருக்க வேண்டும், ஒப்பந்தத்தின் சீன மொழிப் பிரதியில் என்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றையும் கேட்க வைத்தார். ஆங்கிலப் பிரதிக்கும் சீனப் பிரதிக்கும் வேறுபாடு வந்தால் சீனப் பிரதிதான் பெரும்பாலும் செல்லும். ஆகவே அங்கே வியாபாரம் செய்யும் நம்மவர் ஒருவரிடம் அனுப்பி, அதைப் படிக்கச் செய்து, இரண்டு இடங்களில் திருத்தம் வாங்கினார்கள். ஒன்று, வாரத்துக்கு எத்தனை பாடவேளை என்பது. இன்னொன்று, இடையில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பது.

குவாங்சோ எப்படிப்பட்ட ஊர்? 2020 கணக்கெடுப்பில் 1 கோடியே 86 லட்சம் பேர். அரபு வணிகர்கள் கான்ஃபூ என்று அழைத்த துறைமுகம். கி.பி. 851ஆம் ஆண்டைச் சேர்ந்த ஓர் அரபுப் பயணக் குறிப்பில், அங்கிருந்த முஸ்லிம்களின் வழக்குகளைத் தீர்க்கச் சீன ஆட்சியே ஒரு காழியை அமர்த்தியிருந்த செய்தி இருக்கிறது. அவ்வளவு பழைய ஊர். ஆனால் இன்று அங்கே போகிறவருக்குப் பழமை எளிதில் கண்ணில் படாது. 1990களின் தொடக்கத்தில் காய்கறி வயலாக இருந்த இடம் இன்று சூச்சியாங் புதுநகரம். 530 மீட்டர் உயரக் கட்டடம் அங்கே நிற்கிறது. ஆற்றுக்கு அக்கரையில் 600 மீட்டர் கோபுரம். மெட்ரோ ரயிலின் முதல் பாதை 1997இல் திறந்தது. இப்போது மொத்த நீளம் 600 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. நகரத்துக்குள் சிக்கிக்கொண்ட பழைய கிராமங்களை இடித்து அடுக்குமாடியாக்குகிறார்கள். லியேடே என்ற கிராமம் 2007இல் அப்படித்தான் இடிக்கப்பட்டது.

தம்பி ஆகஸ்ட் இறுதியில் போய் இறங்கினார். அப்போது நேரடி விமானம் இல்லை. கோலாலம்பூர் வழியாகப் போனார். 2020இல் நின்ற நேரடி விமானங்கள் 2025 அக்டோபர் இறுதியில் கொல்கத்தாவிலிருந்து மீண்டும் தொடங்கியிருக்கின்றன. இறங்கிய 24 மணி நேரத்துக்குள் தங்கும் இடத்துக்குரிய காவல் நிலையத்தில் பதிவு செய்ய வேண்டும். ஓட்டலில் தங்கினால் அவர்களே செய்துவிடுவார்கள். வீடென்றால் நாம்தான் போக வேண்டும். வீடு மாறும்போதெல்லாம் போக வேண்டும். பாஸ்போர்ட்டை எப்போதும் கையில் வைத்திருப்பது அங்கே சட்டம். அதைப் பள்ளி வாங்கி வைத்துக்கொள்ள உரிமையில்லை. விண்ணப்ப வேலைக்காகக் கொடுத்தால் ரசீது வாங்க வேண்டும்.

வாடகை வீட்டுக்கு இரண்டு மாத முன்பணமும் ஒரு மாத வாடகையும் சேர்த்து முதல் நாளே கேட்டார்கள். சம்பளமோ அடுத்த மாதம் நடுவில்தான் வரும். ஆக, முதல் ஆறு வாரத்துக்கு ஊரிலிருந்து கொண்டுபோன பணத்தில்தான் ஓட்ட வேண்டும். "வேலைக்குத்தானே போகிறான், கையில் எதற்குப் பணம்?" என்று வாப்பாமார் கேட்கக் கூடாது. கடனில் மிச்சம் பிடித்துப் பிள்ளையை வெறுங்கையோடு அனுப்பினால், அவன் முதல் மாதமே வெளியில் ட்யூஷன் எடுக்கத் தேடுவான். அனுமதியில் எழுதியிருக்கும் பள்ளியைத் தவிர வேறெங்கு வேலை செய்தாலும் அது சட்ட விரோதம்.

இரண்டாம் நாள் காய்கறி வாங்கப் போனார். கையில் 100 யுவான் நோட்டு. கடைக்கார அம்மாவிடம் சில்லறை இல்லை. கடை முகப்பில் கியூஆர் அட்டைதான் தொங்கியது. அலிபே, வீசாட் என்ற இரண்டு செயலிகளில்தான் ஊரே நடக்கிறது. 2023 முதல் வெளிநாட்டு வங்கி அட்டைகளை அவற்றில் இணைக்கலாம். புறப்படும் முன்பே அலிபேயை இறக்கிப் பதிவு செய்துகொண்டால் முதல் வாரம் தவிக்க வேண்டாம்.

அந்த அம்மா பேசியது தம்பி படித்துப் போயிருந்த சீனமும் இல்லை. அவர் படித்தது பொதுச் சீனம். அந்த ஊர்ப் பெரியவர்கள் பேசுவது கான்டனீஸ். பள்ளிப் பிள்ளைகள் பொதுச் சீனம் பேசுகிறார்கள், அவர்களுடைய பாட்டிமார் கான்டனீஸ் பேசுகிறார்கள். இரண்டிலும் வணக்கமும் நன்றியும் சொல்லப் பழகிய பிறகு, அந்த அம்மா கொத்தமல்லியைக் கொசுறாகப் போடத் தொடங்கினாராம்.

வகுப்பறையைப் பற்றிச் சொல்கிறோம். ஒரு வகுப்பில் 40 பிள்ளைகள். ஆசிரியர் நுழைந்ததும் எழுந்து நின்று "லாவ்ஷீ ஹாவ்" என்கிறார்கள். லாவ்ஷீ என்றால் ஆசிரியர். இலக்கணத்தையும் தேர்வையும் சீன ஆசிரியர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். வெளிநாட்டு ஆசிரியருக்குப் பேச்சு வகுப்பு. ஒரு வகுப்பை வாரத்துக்கு ஒருமுறைதான் பார்க்க முடியும். 14 வகுப்பு என்றால் 560 பிள்ளைகள். பெயர் நினைவில் நிற்காது. முதல் இரண்டு வாரம் கேள்வி கேட்டால் பதிலே வரவில்லை. பிள்ளைகளுக்குத் தெரியாது என்று நினைத்துப் பாடத்தை எளிதாக்கினார், அப்போதும் மௌனம். கூட இருந்த சீன ஆசிரியை சொன்னார்: "தெரியும். எல்லோர் முன்னாலும் தவறாகச் சொல்லத்தான் பயம்." உயர்கல்விக்கான நுழைவுத் தேர்வின் 750 மதிப்பெண்ணில் ஆங்கிலத்துக்கு 150. சிறு வயதிலிருந்தே ஒவ்வொரு தவறுக்கும் மதிப்பெண் போகும் என்று பழகிய பிள்ளைகள். அதன் பிறகு தனியாக எழுப்பிக் கேட்பதை விட்டு, இருவர் இருவராகப் பேசவிட்டார். வகுப்பு கலகலத்தது.

ஒரு பெற்றோர், "ஆங்கில ஆசிரியர் என்றால் வெள்ளைக்காரர் என்று நினைத்தோமே" என்று பள்ளியில் கேட்டிருக்கிறார். இதையும் எதிர்பார்த்துத்தான் போக வேண்டும். தம்பிக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லையாம். ஆனால் பதிலுக்கு ஒன்றும் பேசவில்லை. டிசம்பரில் பெற்றோர் முன்னிலையில் நடந்த திறந்த வகுப்பில், அதே வீட்டுப் பெண் பிள்ளை எழுந்து தன் பாட்டியைப் பற்றி ஆங்கிலத்தில் ஐந்து வாக்கியம் சொன்னாள். அதற்குப் பிறகு அந்தக் கேள்வி வரவில்லை.

சாப்பாடு, தொழுகை. பள்ளி உணவகத்தில் காய்கறிக் குழம்பில்கூடப் பன்றிக் கொழுப்போ கொத்திய இறைச்சியோ இருக்கலாம். "பன்றி இறைச்சி வேண்டாம்" என்றால் மட்டும் போதாது; எந்த எண்ணெய் என்றும் கேட்க வேண்டும். தம்பி மதியத்துக்கு வீட்டிலிருந்தே சோறு எடுத்துப் போகிறார். வெளியில் 'ச்சிங்ஜென்' என்று சீன எழுத்தில் பலகை இருக்கும் கடைகள் ஹலால் கடைகள். சிங்ஹாய், கான்சு பக்கத்திலிருந்து வந்த முஸ்லிம்கள் நடத்தும் மாட்டிறைச்சி நூடுல்ஸ் கடைகள் நகரம் முழுதும் உண்டு. பழைய நகரத்தில் குவாங்தா சாலையில் ஹுவாய்ஷெங் பள்ளிவாசலும் அதன் பழைய மினாராவும் இருக்கின்றன. ஷியன்ஷியன் பள்ளிவாசலில் ஜும்ஆவுக்கு அரபிகள், ஆப்பிரிக்கர்கள், சீன முஸ்லிம்கள், நம் வியாபாரிகள் எல்லோரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். வெள்ளி அங்கே வேலை நாள். ஆனால் பள்ளியில் மதிய உணவும் சிறு தூக்கமுமாகச் சேர்த்து நீண்ட இடைவேளை உண்டு. பருவம் தொடங்கும் முன்பே கேட்டு, வெள்ளி மதியத்துக்குப் பிந்தைய முதல் பாடவேளையை மாற்றி வாங்கிக்கொண்டார். முன்பே கேட்டதால் கிடைத்தது. நடுவில் கேட்டிருந்தால் கிடைத்திருக்காது. பதிவுபெற்ற பள்ளிவாசலில் தொழுவதற்கு வெளிநாட்டவருக்குத் தடையில்லை. ஆனால் மார்க்கப் பிரசாரத்துக்கு அனுமதியில்லை. வகுப்பறையில் அந்தப் பேச்சே கூடாது. இதைப் பிள்ளைகளிடம் தெளிவாகச் சொல்லி அனுப்புங்கள்.

தாய்மார்களுக்கு ஒன்று. வாட்ஸ்அப், யூடியூப், கூகுள் அங்கே வேலை செய்யாது. அங்குள்ளவர்கள் பேசும் வீசாட்டை இந்தியா 2020 ஜூனில் தடை செய்துவிட்டது. இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது தம்பியின் உம்மாதான். மகன் போய் ஒன்பது நாள் குரல் கேட்கவில்லை. முன்னவருக்கு நேர்ந்தது ஊருக்கே தெரியுமாதலால் அவர் என்ன பாடுபட்டிருப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. எங்கள் அலுவலகத்துக்கு மூன்று முறை வந்தார். கடைசியில் விஷயம் இவ்வளவுதான்: நம் ஊர் சிம்மில் வெளிநாட்டு ரோமிங் போட்டுக்கொண்டு போனால் அதன் வழியாக வாட்ஸ்அப் வேலை செய்யும், தம்பி போடாமல் போய்விட்டார். அங்கே நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். இரவு எட்டு மணிக்கு இங்கே அழைத்தால் அங்கே பத்தரை. அவன் காலை ஏழு மணிக்குப் பள்ளியில் இருக்க வேண்டியவன். ஒரு நேரத்தைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் மாதம்தான் கடினம் என்றார். புதுமை தீர்ந்துவிடும், பழக்கம் வந்திருக்காது. பிப்ரவரியில் தெற்கிலிருந்து ஈரக் காற்று வீசி, சுவரும் தரையும் வியர்க்கிற காலம் ஒன்று அங்கே உண்டு. அதில் பெட்டிக்குள் வைத்திருந்த பட்டச் சான்றிதழில் பூஞ்சை பிடித்துவிட்டது. சீனப் புத்தாண்டு விடுமுறை முடிந்து திரும்பியபோது, வழக்கமாகச் சாப்பிட்ட நூடுல்ஸ் கடையையும் காணோம். அந்த வரிசையே தகரம் அடித்து மறைக்கப்பட்டிருந்தது. கடைக்காரர் எங்கே போனார் என்று சொல்ல ஆளில்லை. "இந்த ஊரில் எதையும் இது இப்படியே இருக்கும் என்று எண்ணிக்கொள்ள முடியாது" என்று எங்களுக்கு எழுதினார்.

வேலையும் அப்படித்தான். 2021 ஜூலையில் அந்த அரசு, பள்ளிப் பாடங்களுக்கு இலாப நோக்கில் தனிப்பயிற்சி நடத்துவதைத் தடுத்தது. ஆங்கில நிலையங்கள் வரிசையாக மூடின. சம்பள பாக்கியோடு வெளிநாட்டு ஆசிரியர்கள் பலர் நின்றார்கள். பிறப்பும் குறைந்துவிட்டது: 2016இல் 1 கோடியே 78 லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகள் பிறந்த நாட்டில் 2023இல் 90 லட்சம்தான். நாளைக்கு வகுப்பில் உட்காரப் பிள்ளைகள் குறைவு. ஆகவே இதை ஆயுட்கால வேலையாக எண்ணி வீட்டை அடகு வைக்க வேண்டாம். இரண்டு மூன்று ஆண்டு அனுபவம், கையில் கொஞ்சம் சேமிப்பு, ஒரு மொழி என்று கணக்கு வைத்துப் போகலாம். விலகும்போது பள்ளியிடம் விடுவிப்புச் சான்று வாங்காமல் வர வேண்டாம். அது இல்லாமல் அங்கே அடுத்த வேலைக்கு மாறுவது பெரும்பாடு.

எங்கள் முடிவுகளைச் சொல்லி நிறைவு செய்கிறோம். இனி வெளிநாட்டு வேலைக்கான கடன், பணி அனுமதி அறிவிப்புக் கடிதத்தைக் கண்ணால் பார்த்த பிறகே கொடுக்கப்படும். முகவருக்குக் கொடுக்க என்று ஒரு ரூபாயும் கிடையாது. முதல் ஆறு வாரச் செலவுப் பணமும் கடன் தொகையில் சேர்க்கப்படும். தாள்களைச் சரிபார்க்க ஒருவரை அமர்த்தியிருக்கிறோம். அவர் யாரென்று உங்களுக்குப் புரிந்திருக்கும். இப்போது பக்கத்து ஊர்ப் பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கிறார். அந்த 80,000 ரூபாயில் 50,000 திருப்பிக் கட்டிவிட்டார். மீதியைத் தள்ளுபடி செய்கிறோம் என்று சொன்னோம். "அது அடுத்தவனுக்குச் சேர வேண்டிய பணம்" என்று மறுத்துவிட்டார்.

இந்தக் கூட்டத்தில் தன் கதையைச் சொல்ல அவர்தான் அனுமதி தந்தார். கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று: பெயர் வேண்டாம். இனி அவரைப் பழைய பட்டப்பெயரால் யாரும் அழைக்க வேண்டாம் என்று நாங்கள் உங்களைக் கேட்டுக்கொள்கிறோம். ஏமாந்து வந்த பிள்ளையை ஊர் கேலி செய்தால், அடுத்து ஏமாறும் பிள்ளை ஊருக்குத் திரும்பி வரவே வெட்கப்படும். அங்கேயே ஒளிந்து கிடக்கும். திரும்பி வருகிற பிள்ளைக்கு வீட்டு வாசலும் ஊர் வாசலும் திறந்திருக்கட்டும். அல்லாஹ் நம் பிள்ளைகள் போகுமிடமெல்லாம் அவர்களைப் பாதுகாப்பானாக. வஸ்ஸலாம்.